கடைசி ஆறு பக்கம்

விடைகள் அச்சிட்ட கடைசி ஆறு பக்கத்தையும்
பஸ் நிலையத்தில் ஒரு மான் தின்றுவிட்டது.
நான் மிச்சக்காசு எண்ணிக்கொண்டு நின்றேன்.
பைக்குள் மூக்கை விட்டு அது இழுத்த இழுவையில்
நூல் கழன்று தாள் கையோடு போயிற்று.
நின்று மென்றது, ஒரு அவசரமும் இல்லாமல்.

சனம் சிரித்தது. நானும் சிரித்தேன்.
கொட்பே ஐஸ் ஆலையில்
இரவு வேலைக் கதிரையில் குந்திய பிறகு
சிரிப்பு வரவில்லை.
சாதாரண தரம், கணிதம், மூன்று தரமும் டபிள்யூ.
ஒரேயொரு எஸ் எடுத்தால்
பில் எழுதும் இந்தக் கையை நிரந்தரமாக்குவார்களாம்.
முப்பத்தாறு வயதில் தனிப்பட்ட பரீட்சார்த்தி நான்.

பயிற்சி நான்கு, ஐந்தாம் கணக்கு.

5(x − 3) = 2x + 18

பழக்கத்தில் விரல் பின்பக்கம் போனது.
அங்கே அட்டை மட்டும், எச்சில் காய்ந்து, மொரமொரவென்று.

சரி. முதலில் அடைப்பைத் திற.

5x − 3 = 2x + 18

2x இந்தப் பக்கம் வரட்டும், குறி மாறி.
3 அந்தப் பக்கம் போகட்டும், குறி மாறி.

3x = 21
x = 7

எவ்வளவு துப்புரவான எண்!
மீதி இல்லை, பின்னம் இல்லை,
குளிப்பாட்டிப் பவுடர் போட்ட பிள்ளை மாதிரி நின்றது.
பிழையும் முழு எண்ணாய் வரும் என்று
யாரும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை.
பின்பக்கம் இருந்திருந்தால்
புரட்டி, இல்லையென்று கண்டு,
கொப்பியை மூடி, தலையெழுத்தை ஏசிவிட்டுத் தேத்தண்ணி ஊற்றியிருப்பேன்.

இன்றைக்கு அந்த வசதியும் இல்லை.
அந்த ஏழைக் கூட்டிக்கொண்டு முதல் வரிக்கே நடந்தேன்.
இடப்பக்கம், ஏழில் மூன்று போக நான்கு; ஐந்து தரம், இருபது.
வலப்பக்கம், பதினாலும் பதினெட்டும் முப்பத்திரண்டு.
நடுவே சமன் குறி
பொய்ச்சாட்சி சொல்லி அகப்பட்டவன் மாதிரி
என் முகத்தைப் பார்க்காமல் படுத்திருந்தது.

அந்த நேரம் பார்த்து லலந்தவின் லொறி.
உடைத்த ஐஸ், ஐந்து பெட்டி.
தராசில் ஏறி ஏறி இறங்கின.
பில்லுக்குக் குனிந்தவன் கொப்பியைக் கண்டான்.
அவன் எழுத்து எனக்கு வளையம் வளையமாய்,
என் எழுத்து அவனுக்குக் கொக்கி கொக்கியாய்.
எக்ஸை மட்டும் இரண்டு பேரும் எக்ஸ் என்றே வாசித்தோம்.
ஈர மேசையில் விரலால் ஒரு டபிள்யூ கீறி
தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினான்.
பிறகு, பில்லைச் சுரண்டாதே என்று கண்ணால் அவசரப்படுத்தினான்.

வெறும் பெட்டி மூன்று கிலோ. ஐந்து பெட்டி.
கழி பதினைந்து என்று எழுதினேன்,
நாலு வருஷமாய் எழுதுகிற மாதிரி, யோசிக்காமலே.

எழுதிய பேனை அப்படியே நின்றது.

ஒரு பெட்டிக்கு மட்டும் கழித்திருந்தால்
லலந்த இந்த ஆலையையே கிளப்பியிருப்பான்.
பில்லில் பிழைக்காத கை
கொப்பியில் ஏன் பிழைத்தது?
ஐந்து, அடைப்புக்குள் போய்
எக்ஸோடு மட்டும் கதைத்துவிட்டு வந்திருக்கிறது.
பக்கத்தில் நின்ற மூன்றைக் கண்டுகொள்ளவில்லை.

5x − 15 = 2x + 18
3x = 33
x = 11

மறுபடி முதல் வரி.
பதினொன்றில் மூன்று போக எட்டு. ஐந்து தரம், நாற்பது.
இருபத்திரண்டும் பதினெட்டும்,
விரல் விட்டும் எண்ணினேன்,
நாற்பது.

லொறி போய்விட்டது, தண்ணீர் சொட்டிய வழி மட்டும் பளபளத்தது.
கூப்பிட்டுச் சொல்ல ஆளில்லை.
கொம்பிரசர் தன்பாட்டில் இரைந்தது.
ஏழை நான் அழிக்கவில்லை, மேலே ஒரு கோடு, அவ்வளவுதான்.
படிமுறைக்கும் புள்ளி உண்டாம்.

கோட்டைப் பக்கம் எங்கோ படுத்து
அந்த மான் அசைபோட்டுக்கொண்டிருக்கும்.
எல்லா விடையும் அதற்குள்;
ஒரு படி தெரியாது.

மணி இரண்டு பத்து.
ஆறாம் கணக்கில் பின்னம் இருக்கிறது.